தகரச் சீட்டிலிருந்து கடவுச்சீட்டு வரை: எழும்பூர் – தனுஷ்கோடி வழியும் இலங்கை நுழைவு ஆவணங்களும்

ஆய்வுச்சுருக்கம்

தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் இலங்கைக்குள் நுழைவதற்குக் கைக்கொள்ளப்பட்ட ஆவண முறைகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள், தொழிலாளியின் பயண ஆவணம் ‘நீ எந்தத் தோட்டத்தின் ஆள்’ என்ற வினாவுக்கே விடை தந்தது. 1948–49ஆம் ஆண்டுச் சட்டங்கள் ‘நீ எந்த நாட்டின் குடி’ என்ற புதிய வினாவை எழுப்பியபோது, பழைய ஆவணங்களில் அதற்கான விடை இல்லை. மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டதற்கு அரசியல் காரணங்களோடு இந்த ஆவணப் பொருத்தமின்மையும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: இலங்கை, மண்டபம் முகாம், கங்காணி முறை, துண்டு முறை, நாடற்றோர், கடவுச்சீட்டு, செங்கல்பட்டு.

முன்னுரை

சென்னை எழும்பூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களைக் கடந்து செங்கல்பட்டை அடைகிறது. இன்று புறநகர் மின்தொடர் வண்டிகளால் அறியப்படும் இவ்வழி, அரை நூற்றாண்டுக் காலம் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த பன்னாட்டுப் பயண வழியின் முதற்கூறாக விளங்கியது. 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதை அடுத்து, எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறித் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து மீண்டும் தொடர்வண்டியில் கொழும்பு சென்றார். ‘போட் மெயில்’ என்று மக்கள் வழங்கிய அவ்வண்டி கூடுவாஞ்சேரி வழியாகவே சென்றது.

இவ்வழியில் சென்றோர் அனைவரும் ஒரே விதமாக எல்லையைக் கடக்கவில்லை. வணிகர், எழுத்தர், யாத்திரிகர், தோட்டத் தொழிலாளர் என ஒவ்வொரு வகையினர்க்கும் நுழைவு நடைமுறை வேறுபட்டது. தமிழரின் புலம்பெயர்வு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்சேர்ப்பு, கூலி, கடன், வாழ்நிலை ஆகியவற்றையே மையப்படுத்தியுள்ளன. எல்லையில் காட்டப்பட்ட தாளும் தகடும் உரிய கவனம் பெறவில்லை. எனினும் பிற்காலத்தில் ஒரு சமூகத்தின் குடியுரிமையைத் தீர்மானித்தவற்றுள் அவையும் அடங்கும். இக்கட்டுரை அவற்றைப் பொருளாகக் கொள்கிறது.

இரு வகைப் பெயர்வு, இரு வகைப் பதிவு

1834இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிந்த பின்னர்க் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர் தேவைப்பட்டனர். இப்பெயர்வில் நிகழ்ந்த கொடுமைகள் வெளிப்பட்டமையால் 1839ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் உடலுழைப்புத் தொழிலாளரின் கடல்கடந்த பயணத்தைத் தடைசெய்தது. 1842ஆம் ஆண்டின் 15ஆம் சட்டம் மொரீசியசுக்கு மட்டும் கட்டுப்பாடுகளுடன் அதனை அனுமதித்தது. அதன் வழியே சென்னைத் துறைமுகத்தில் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அலுவலரும், மருத்துவச் சோதனையும், பதிவேடும் நிலைபெற்றன.

ஒப்பந்த முறையில் சென்றவர்க்கு இப்பதிவேடு விரிவாகவே அமைந்தது. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ கப்பல் நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தது. அதில் தொடங்கி 1911இல் முறை முடிவுறும்வரை நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை கப்பல் வாரியாக எழுதப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். அப்பட்டியல்களில் மாவட்டப் பெயராகச் செங்கல்பட்டும் இடம்பெறுகிறது. தொழிலாளியை எண்ணாக்கிய அதே ஏடு அவருடைய ஊரையும் காத்து வைத்தது என்பது இதில் உள்ள முரண்.

இலங்கைப் பெயர்வின் நிலை வேறு. 1847ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இலங்கைக்குச் செல்வோரைக் குடிபெயர்வுத் தடையிலிருந்து விலக்கியது. கடல் குறுகியது, பயணம் சில நாட்களுக்குரியது, தொழிலாளர் பருவந்தோறும் ஊர் திரும்புவர் என்னும் எண்ணம் இவ்விலக்குக்குத் துணைநின்றது. காப்பித் தோட்டங்களின் பருவ வேலைக்கு அது ஒருவாறு பொருந்தியது. காப்பி நோயுற்று அழிந்து, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை வந்தபின், குடும்பங்கள் தோட்டத்திலேயே நிலைத்துத் தங்கின. ஆயினும் சட்டத்தின் விலக்கு நெடுங்காலம் நீடித்தது. எனவே இலங்கை சென்ற தொழிலாளிக்கு அரசு அலுவலர் முன் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இல்லை, ஊர்ப்பெயர் தாங்கிய கப்பல் பட்டியலும் இல்லை. அவருடைய பயணத்திற்குப் பொறுப்பாளர் கங்காணி. கங்காணியின் கணக்கேடே அவருக்குரிய பதிவு.

தகரச் சீட்டும் துண்டும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டத் துரைமார் ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்த முற்பட்டனர். 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையம் நிறுவப்பட்டது. இக்காலப்பகுதியில் வழக்கிற்கு வந்ததே ‘டின் டிக்கெட்’ எனப்பட்ட தகரச் சீட்டு. சிறிய உலோகத் தகடு ஒன்றில் தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் தொழிலாளியின் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அதை வைத்திருப்பவரைத் தோட்டம்வரை ஏற்றிச் செல்லலாம், செலவு தோட்டத்தின் கணக்கில் சேரும். கங்காணி வழியில் ஆட்களை வேறு தோட்டத்திற்கு மாற்றிவிடாமல் தடுப்பதும் இதன் நோக்கமாகும்.

இத்தகட்டை நுழைவு ஆவணமாக நோக்கும்போது அதன் இயல்பு விளங்கும். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, பிறப்பு இல்லை. அது மனிதரின் அடையாளச் சான்றாக அமையாமல், ஒரு சரக்கு சேர வேண்டிய முகவரியைப் போலவே இயங்கியது.

தோட்டத்திற்குள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய மற்றோர் ஆவணம் துண்டு. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவரிடம் அவரை விடுவிக்கத் தோட்டம் இசைகிறது என்று எழுதித் தரப்பட்ட சீட்டு அது. புதிய துரை பழைய கடனைச் செலுத்தி ஆளைப் பெற்றுக்கொள்வார், கடன் தொழிலாளியோடு இடம்பெயரும். கங்காணிகள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசினர். 1921இல் இலங்கை அரசு துண்டு முறையை ஒழித்தது. நுழைவில் தகடு, தங்குதலில் செக்ரோல் என்னும் பெயரேடு, வெளியேறுதலில் துண்டு ஆகிய மூன்றும் ஒரே செய்தியையே கூறின: இன்னார் இன்ன தோட்டத்திற்கு இவ்வளவு கடன்பட்டவர்.

மண்டபம் முகாம்: நோய்த்தடுப்பும் நுழைவுக் கட்டுப்பாடும்

கொள்ளைநோய் அச்சம் நுழைவு நடைமுறையில் மற்றொரு படியைச் சேர்த்தது. தூத்துக்குடி வழிக்குத் தட்டப்பாறையிலும், பின்னர்த் தனுஷ்கோடி வழிக்கு மண்டபத்திலும் இலங்கை அரசு முகாம்களை நடத்தியது. பிற நாட்டு மண்ணில் தன் நுழைவுச் சோதனையை நடத்துவது என்னும் ஏற்பாடு கவனத்திற்குரியது. இலங்கையின் எல்லை மன்னார்க் கரையில் தொடங்குவதற்கு முன்பே இராமநாதபுரக் கரையில் தொடங்கிவிட்டது. தொழிலாளர் அங்கே சில நாள் தனித்து வைக்கப்பட்டனர். அம்மை குத்துதல், உடைகளைப் புகையூட்டித் தூய்மை செய்தல், மருத்துவச் சோதனை ஆகியன முடிந்த பின்னரே கப்பல் ஏற விடப்பட்டனர். மேல்வகுப்புப் பயணிகள் இவ்வாறு முகாமில் தங்கிக் கழிக்க வேண்டிய கட்டாயம் இன்றிக் கடந்தனர். எழும்பூரில் ஒரே வண்டியில் ஏறிய இருவரை மண்டபத்தில் வகுப்பும் தொழிலும் பிரித்தன.

நோய்த்தடுப்பு என்பது நுழைவுக் கட்டுப்பாட்டின் கருவியாதல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1896 டிசம்பரில் தர்பனை அடைந்த ‘கோர்லண்ட்’, ‘நாதேரி’ என்னும் இரு கப்பல்களின் இந்தியப் பயணிகள், கொள்ளைநோயைக் காரணங்காட்டி 1897 ஜனவரி 13ஆம் நாள்வரை கரையிறங்க விடப்படவில்லை. காந்தி அப்பயணிகளுள் ஒருவர். அதே ஆண்டில் நேட்டால் இயற்றிய குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவரை விலக்க வழிசெய்தது. இனத்தின் பெயரைக் கூறாமலே இனத்தை விலக்கும் இவ்வுத்தி ஆஸ்திரேலியா முதலிய பிற குடியேற்றங்களிலும் பின்பற்றப்பட்டது. இலங்கையில் நிலை தலைகீழானது. அங்கே தோட்டத்திற்கு ஆள் தேவை. எனவே மண்டபம் முகாம் ஆட்களை விலக்குவதற்கு மாறாக, வகைப்படுத்தித் தூய்மை செய்து உரிய தோட்டத்திற்கு ஒப்படைப்பதையே நோக்கமாகக் கொண்டது.

இந்திய அரசின் தலையீடு: 1922 – 1939

முதல் உலகப்போர்க் காலத்தில் பயணக் கட்டுப்பாடுகள் உலகெங்கும் இறுகின. 1920இல் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் முறைக்கு எதிரான இயக்கத்தின் விளைவாக 1922ஆம் ஆண்டின் 7ஆம் சட்டமான இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அரசு அறிவித்த நாடுகளுக்கு, அரசு விதித்த நிபந்தனைகளின்படி மட்டுமே பயிற்சியற்ற தொழிலாளர் செல்லலாம் என்று அது வரையறுத்தது. 1847 முதல் விலக்குப் பெற்றிருந்த இலங்கை இப்போது சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. 1923இல் கண்டியில் இந்திய அரசின் முகவர் அமர்த்தப்பட்டார்.

உலகப் பொருளாதார மந்தம் நிலையை மாற்றியது. 1931இல் இலங்கையில் அனைவர்க்கும் வாக்குரிமை அறிமுகமானபின், இந்தியத் தொழிலாளரின் இருப்பு அரசியல் வினாவாயிற்று. 1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் பணியாற்றிய இந்திய நாட்கூலியினரை நீக்க முற்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஜவஹர்லால் நேரு இலங்கை சென்றார். அப்போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. தொழிலாளரைக் காக்க எண்ணிய இத்தடை, ஊருக்கும் தோட்டத்திற்கும் இடையே போய்வந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு வேறொரு பொருளையும் தந்தது. திரும்பி வருதல் என்பது இனித் தானாக நிகழும் ஒன்றாக இருக்கவில்லை.

வினா மாறியது: 1948 – 1951

விடுதலை பெற்ற இலங்கை 1948இல் இரு சட்டங்களை இயற்றியது. 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாளை வரையறை நாளாகக் கொண்டது. அதற்குமுன் இலங்கையில் பிறந்தவர், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்பதையோ காட்டினால் மட்டுமே வம்சாவழிக் குடிமகனாகலாம். 20ஆம் எண் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் குடிமக்கள் அல்லாதோர் இலங்கைக்குள் நுழையவும் தங்கவும் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் வேண்டும். பாக்குநீரிணை முதன்முறையாக முழுப் பொருளில் பன்னாட்டு எல்லையானது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் குடியுரிமைச் சட்டம் மற்றொரு வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் நாளுக்குமுன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வதிந்திருக்க வேண்டும். இடையே 12 மாதத்திற்கு மேற்பட்டு நாட்டை விட்டு நீங்கியிருந்தால் வதிவு அறுபட்டதாகக் கருதப்படும். விண்ணப்பத்திற்கு இறுதி நாள் 1951 ஆகஸ்டு 5. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் விண்ணப்பப் புறக்கணிப்பை மேற்கொண்டு பின்னர் அதைக் கைவிட்டமையால் இறுதி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு லட்சத்திற்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய அவ்விண்ணப்பங்களுள் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

இங்குதான் ஆவணப் பொருத்தமின்மை வெளிப்படுகிறது. தந்தையின் பிறப்பைக் கேட்கிறது சட்டம், தகரச் சீட்டில் இருந்ததோ தோட்டத்தின் எண். இடையறாத வதிவைக் கேட்கிறது சட்டம், அதைக் காட்டக்கூடிய செக்ரோல் இருந்ததோ தோட்டத்து அலுவலகத்தில். ஊர்த் திருவிழா, பிள்ளைப்பேறு, பெற்றோர் இறப்பு ஆகியவற்றுக்காகத் தமிழகம் போய்வந்தமை, ‘பருவத் தொழிலாளர்’ என்ற பழைய விலக்கிற்குச் சான்றாக இருந்தது. இப்போது அதுவே நிலையற்ற வதிவின் சான்றாகத் திருப்பப்பட்டது. முந்தைய முறை தொழிலாளியிடம் எந்தத் தாளைக் கொடுக்க மறுத்ததோ, அந்தத் தாளையே பிந்தைய முறை அவரிடம் கேட்டது. ‘கொடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க’ வழக்கில் 1953இல் பிரிவி கவுன்சில் இச்சட்டங்களைச் செல்லுபடியாகும் என ஏற்றது.

இந்தியத் தரப்பின் நிலையும் ஒத்ததே. அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு, தாமோ பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தவராயின் அயல்நாட்டில் வாழ்வோர் இந்தியத் தூதரகத்தில் பதிந்து குடிமக்களாகலாம் என்றது. நேட்டாலுக்குச் சென்ற செங்கல்பட்டுக்காரரின் பேரன் ஒரு கப்பல் பட்டியலைச் சுட்டலாம். கங்காணியோடு சென்றவரின் பேரனுக்குச் சுட்டுவதற்குக் குடும்ப நினைவு மட்டுமே எஞ்சியது.

ஒப்பந்தங்களும் குடும்ப அட்டையும்

1954 ஜனவரி 18ஆம் நாள் நேரு – கொத்தலாவலை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் முதற்கவலை முறையற்ற குடிவரவைத் தடுத்தல். ‘கள்ளத்தோணி’ என்னும் சொல் இக்காலச் சூழலில் வலுப்பெற்று, ஆவணமின்றி வந்தவரை மட்டுமின்றி மலையகத் தமிழர் அனைவரையும் இழிவுபடுத்தும் வசைச்சொல்லாக விரிந்தது. தாளின் இன்மை ஒரு சமூகத்தின் பெயராக மாறிய நிகழ்வு இது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 நாடற்றோரைக் கணக்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் 15 ஆண்டுகளில் ஏற்க வேண்டும் என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பம் கேட்கப்படாமலே எண்கள் வகுக்கப்பட்டன. பின்னர் விண்ணப்பம் கோரியபோது இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஒதுக்கீட்டிற்குக் குறைவாகவும், இலங்கைக் குடியுரிமை கேட்டோர் ஒதுக்கீட்டிற்கு மிகுதியாகவும் இருந்தனர் என்பது அவர்களின் விருப்பத்தைப் பின்னோக்கிக் காட்டுகிறது.

ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டாம் மாதத்தில், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலில் வந்தனர். அவர்களின் கையில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. குடும்பத்தினர் பெயரையும் மறுவாழ்வு உதவியின் வகையையும் தாங்கிய அவ்வட்டையே தமிழகத்தில் கடன், வேலை, நிலம் ஆகியவற்றுக்குத் திறவுகோல். வந்தவர்கள் முதலில் தங்கிய இடம் மண்டபம் முகாம். பாட்டன் இலங்கைக்குப் போகையில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தப்பட்ட அதே இடத்தில், பேரன் இந்தியாவுக்கு வருகையில் பதிவுக்காக நின்றான். 1980களின் நடுப்பகுதியில் கப்பல் போக்குவரத்து நின்றுபோகும்வரை மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே குடியுரிமை வழங்கின.

மீண்டும் செங்கல்பட்டு

1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் படகுகளில் வந்த ஏதிலியர், கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்றியே வந்தனர். இந்தியா 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. எனவே அவர்கள் 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டத்திற்குள் அடங்கினர். அச்சட்டத்தின் அதிகாரத்தால் அமைக்கப்பட்ட சிறப்பு முகாம்களுள் ஒன்று செங்கல்பட்டில் பல ஆண்டுகள் இயங்கியது. போட் மெயிலின் வழியில் இருந்த இவ்வூர், ஆவணமற்றவரை அடைத்துவைத்த ஊராகவும் வரலாற்றில் இடம்பெற்றது.

ஏதிலியருள் கணிசமானோர் மலையக மரபினர், அதாவது தமிழகத்திலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்கள். குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் செய்யப்பட்ட திருத்தம், உரிய ஆவணமின்றி நுழைந்தவரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என வகைப்படுத்திப் பதிவுவழிக் குடியுரிமையையும் மூடியது. 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகையோர் 65 பேரின் வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மைய அரசு ஆராய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் மைய அரசு பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9ஆம் நாள்வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. தண்டனை நீங்கினும் குடியுரிமை அதனால் கிட்டிவிடவில்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. ஒன்று, 1847ஆம் ஆண்டின் விலக்கு எளிய பயணத்தை அளித்த அளவுக்கே பதிவின்மையையும் அளித்தது, அதன் விலையை நூறாண்டு கழித்து வழித்தோன்றல்கள் செலுத்தினர். இரண்டு, தகரச் சீட்டு, துண்டு, செக்ரோல் ஆகியவை தொழிலாளியைப் பற்றியவை எனினும் தொழிலாளிக்கு உரியவையாக இருந்ததில்லை. அடையாள ஆவணம் அடையாளத்திற்கு உரியவரின் உடைமையாக இல்லாதவிடத்து, ஆட்சி மாறும்போது அவரே சான்றற்றவராகிறார். மூன்று, நாடற்ற நிலை என்பதைச் சட்டமன்ற வாக்கெடுப்பின் விளைவாக மட்டும் காண்பது போதாது, எல்லையில் தலைமுறைகளாக எது எழுதப்பட்டது, எது எழுதப்படாது விடப்பட்டது என்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

மொரீசியசின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் ஒப்பந்தத் தொழிலாளரின் பதிவேடுகளைக் காத்து வருகிறது. 2025 மார்ச்சில் இந்தியா அந்நாட்டின் இந்திய வம்சாவழியினரில் ஏழாம் தலைமுறைவரை வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வழங்குவதாக அறிவித்தபோது, அவ்வேடுகள் மீண்டும் உயிருள்ள ஆவணங்களாயின. இலங்கை வழிக்கு அத்தகைய ஒருங்கிணைந்த ஏடு இல்லை. அதற்கு ஈடாக எஞ்சியிருப்பவை தாயகம் திரும்பிய குடும்பங்களின் பெட்டிகளில் மங்கிவரும் குடும்ப அட்டைகளும் பழைய கடவுச்சீட்டுகளும் தோட்டத்துப் பிறப்புச் சான்றுகளுமே. அவற்றை உரியவரின் இசைவோடு படியெடுத்து அட்டவணைப்படுத்துவது தமிழகப் பல்கலைக்கழகத் துறைகள் கூட்டாக மேற்கொள்ளத் தக்க பணியாகும். அக்குடும்பங்கள் சிலவற்றின் குடியுரிமை வழக்குகள் இன்னும் முடியாதிருக்கும் நிலையில், அத்தொகுப்பு ஆய்வாளர்க்கு மட்டுமன்றி அவர்களுக்கும் பயன்படும்.